இல்லமும் இல்லாளின் உடைமையும்

குடும்பம் என்பது யாது? நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு எளியதொரு விடை வைத்திருக்கின்றது. ஒன்றாக வாழ்ந்து, பொதுவான அடுப்பில் சமைத்து உண்போர் ஒரு குடும்பத்தினராவர். புதுச்சேரியின் கதிர்காமத்தில் ஒரு வீட்டில் மூன்று சகோதரர்கள் தத்தம் மனைவி மக்களோடு வாழ்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு ஒன்றாயின் கணக்கெடுப்பவருக்கு அது ஒரு குடும்பம். மூன்றாயின் மூன்று குடும்பங்கள். தலைகளை எண்ணுவதற்கு இது போதும். அவ்வீட்டிலுள்ள பொருள் யாருக்குரியது என்று கேட்டால் அடுப்பு விடை சொல்லாது.

இவ்வினா புதுவை மக்களுக்குப் புதியதன்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டிலுள்ள 18 வயது நிறைந்த பெண்களுள் மூத்தவரையே குடும்ப அட்டைக்குத் தலைவியாகக் கொள்கின்றது. 2015 செப்டம்பரில் இங்கு அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கப்பட்டது. 2023 ஜனவரியில், வேறு உதவி பெறாத ஏழைக் குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமும் வந்தது. அரிசி வந்த நாளில் அது நேரே உலைக்குச் சென்றது. பணம் வரத் தொடங்கியதும், அது எவர் கைக்கு வருகின்றது என்பது பெரிய செய்தியாகிவிட்டது.

பொருளியல் அறிஞர்கள் நெடுங்காலம் குடும்பத்தை ஒரே மனமும் ஒரே பணப்பையும் உடைய ஓர் ஆளைப்போலவே கருதி வந்தனர். குடும்பத்தைப் பற்றி 1981இல் பெருநூல் எழுதிய கேரி பெக்கரும் ஏறக்குறைய அவ்வழியினரே. அமர்த்தியா சென் போன்றோர் இதனை மறுத்தனர். இல்லத்தினுள்ளே ஒத்துழைப்பும் உண்டு, முரண்பாடும் உண்டு என்பது அவர்தம் வாதம். பிரிட்டனில் ஒரு சான்றும் கிடைத்தது. குழந்தைகளுக்காகத் தந்தையின் சம்பளத்தில் தரப்பட்டு வந்த வரிச்சலுகை, 1970களின் பிற்பகுதியில், தாயிடம் தரப்படும் ரொக்கமாக மாற்றப்பட்டது. லண்ட்பெர்க், போலக், வேல்ஸ் ஆகிய மூவர் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன்பின் ஆண்களின் உடைச் செலவை நோக்கப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் உடைச் செலவு உயர்ந்தது. கை மாறியதும் செலவும் மாறிற்று!

இஸ்லாமியச் சட்டம் இவ்விஷயத்தில் கொண்டுள்ள நோக்கு, நாம் ஊன்றிப் பார்க்கத்தக்கது. சுமையைச் சுமப்பதில் அது இல்லத்தை ஒன்றாகக் கருதுகின்றது. நோன்புப் பெருநாளின் ஃபித்ராவை வீட்டுத் தலைவர் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் கொடுக்கின்றார். உணவும் உடையும் உறையுளும் அளிப்பது கணவரின் கடமை. உடைமை என்று வரும்போதோ, அதே சட்டம் இல்லத்தினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்துகின்றது. ஜகாத்தின் அளவு கணவருக்கு வேறு, மனைவிக்கு வேறாகவே கணக்கிடப்படும். இருவர் பொருளையும் ஒன்றாகக் கூட்டி எவரும் கணக்கிடுவதில்லை.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஜைனப் அம்மையார், தம் கணவருக்கும் தம் பராமரிப்பிலிருந்த அனாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று பிலால் (ரலி) அவர்கள் மூலம் கேட்டனுப்பினார்கள். அதற்கு உறவைப் பேணிய நன்மை, தர்மம் செய்த நன்மை என இரண்டு உண்டு என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். மனைவியின் பொருள் முன்பே கணவருக்குரியதாயின், அவர் கணவருக்குத் தர்மம் செய்வது எங்ஙனம்?

பிரெஞ்சுச் சட்டம் சென்ற பாதை வேறு. 1881ஆம் ஆண்டின் ஆணையால், தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கும் வாய்ப்பு புதுவை மக்களுக்குக் கிட்டிற்று. அவ்வாறு ஏற்றோர் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். நாகரிகத்தின் சிகரமென மதிக்கப்பட்ட அச்சட்டத்தில் கணவரே குடும்பத்தின் தலைவர். சொத்து நிர்வாகம் அவர் கையில். பிரான்சு நாட்டு மனைவியர் கணவரின் இசைவின்றி வேலைக்குச் செல்லவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் உரிமை பெற்றது 1965ஆம் ஆண்டில்தான். புதுவையோ 1962இலேயே சட்டப்படி இந்தியாவுடன் இணைந்துவிட்டது. இங்குள்ள முஸ்லிம்களுக்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் 1968இல் விரிவாக்கப்பட்டது.

பெருமை பேச இவ்வளவு போதும். நடைமுறை என்ன? மஹரைப் பெயரளவுக்கு எழுதிவிட்டுக் கைக்கூலியைக் கறாராகப் பேசுவோர் நம்மிடையே இல்லையா? மனைவியின் உழைப்பையும் எவர் எண்ணுகின்றனர்? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களை அதில் செலவிட்டனர். அவ்வேலை செய்த ஆண்களின் சராசரி 97 நிமிடங்கள். செய்த ஆண்களோ நூற்றுக்கு 26 பேர்தாம். சமையலும் துவைத்தலும் திருமண ஒப்பந்தத்தால் மனைவிமீது கடமையாவதில்லை என்பது ஷாஃபி சட்ட அறிஞர்களின் பழைய முடிபு என்பதை இங்கு நினைவூட்டினால் சிலர் முகம் சுளிக்கவும் கூடும்.

மீண்டும் அக்கதிர்காமத்து வீட்டிற்கு வருவோம். மூத்தவர் கடை வைக்க விரும்புகின்றார், முதலில்லை. மனைவியின் 20 சவரன் நகை விற்கப்பட்டுக் கடை எழுகின்றது. அது நன்கொடையா, கடனா, வியாபாரப் பங்கா என்று எவரும் கேட்கவில்லை. குடும்பம் ஒன்றுதானே! பத்தாண்டுகள் கழித்து அவர் இறந்துவிடுகின்றார். கடையும் பிறவும் சேர்ந்து 40 சவரன் மதிப்பு. பிள்ளைகள் இருப்பதால் விதவைக்கு எட்டில் ஒரு பங்கு; அதாவது 5 சவரன். நகை கடனாகப் பெறப்பட்டது என்பது தெளிவாயிருப்பின் கணக்கே வேறு. கடன் தீர்த்த பின்னரே பாகப்பிரிவினை என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் வரையறுக்கின்றது. முதலில் அவருடைய 20 சவரன். எஞ்சிய 20இல் எட்டில் ஒன்றாகிய இரண்டரை. ஆக 22½ சவரன். கொடுபடாத மஹர் இருப்பின் அதுவும் கடனே. அதையும் முன்னரே எடுத்து வைத்தல் வேண்டும்.

ஒரு சொல் தெளிவாகப் பேசப்படாமையால், ஒரு பெண் 17½ சவரனை இழக்கின்றார். அவ்விழப்பில் மைத்துனர்களின் சூழ்ச்சியோ மாமனாரின் பேராசையோ இருக்கவேண்டும் என்பதில்லை. எல்லாரும் நல்லவராயிருந்தும் இது நிகழும். பாகம் பிரிப்போருக்கு அந்நகையின் வரலாறே தெரியாது.

கணவன் மனைவிக்கிடையே சீட்டும் சாட்சியுமா, அன்பு குன்றிவிடாதா என்பர் சிலர். மனமுவந்து மனைவி விட்டுக்கொடுப்பதைக் கணவர் தாராளமாக அனுபவிக்கலாம் என்று இறைமறையே கூறுகின்றது. மனமுவந்தாரா என்பதை அறியும் வழி, அவரைக் கேட்பதே. கேட்காமல் எடுத்துக்கொண்டு, அவர்தம் மௌனத்தை அன்பெனக் கொள்வது அவருக்கு இழைக்கும் அநீதி.

தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கணவன் மனைவியருக்கு விலக்கேதும் அளிக்கவில்லை. நம் ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் எழுதப்படுகின்றது. மணப்பெண் தம்முடன் கொணரும் நகையையும், விரும்பினால், அவ்விடத்திலேயே எழுதிவைக்கலாம். பிற்காலத்தில் அந்நகை வியாபாரத்திற்குச் சென்றால், இன்ன தேதியில் இவ்வளவு சவரன், கடனாகவோ பங்காகவோ பெறப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பத்துடன் ஒரு படியை மனைவியிடமும் மற்றொன்றைப் பள்ளிவாசல் அலுவலகத்திலும் வைக்கலாம். இதற்குப் புதுச்சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பதிவேட்டில் இன்னும் சில பக்கங்கள் சேர்த்தால் போதும்.