கேட்பாரற்ற மாடும் கேட்பாரற்ற கமக்காரனும்

ஆண்டுதோறும் காலபோக விதைப்புத் தொடங்கியதும் நமது ஊர்களில் ஓர் அறிவித்தல் ஒலிக்கக் கேட்கின்றோம். கட்டாக்காலியாகத் திரியும் மாடுகள் பிடிக்கப்படும், தண்டப்பணம் அறவிடப்படும், குறித்த தவணைக்குள் உரியவர் வந்து மீட்காவிடின் மாடுகள் பகிரங்க ஏலத்தில் விற்கப்படும் என்பதே அவ்வறிவித்தல். ஏலம் முடிந்ததும் பிரதேச சபையின் கடமையும் முடிந்துவிட்டதென்று பலரும் கருதுகின்றனர். மாட்டைப் பட்டியில் அடைத்த கணத்திலேதான் சபையின் கடமை தொடங்குகின்றது என்பது நமது துணிபு.

மாடு பிடிப்பதை நாம் எதிர்க்கவில்லை. கடன்பட்டு உழுது, விதைத்து, பசளையிட்டு, வானத்தைப் பார்த்திருக்கும் கமக்காரனின் பயிர் ஓரிரவில் மேயப்பட்டால், அவனுடைய குடும்பத்தின் ஓராண்டுச் சீவியம் அத்துடன் போயிற்று. கண்டி வீதியிலும் பிற பெருவீதிகளிலும் இருளிற் படுத்திருக்கும் மாடுகளில் மோதி உயிரிழந்தோரும் உளர். பாலைக் கறந்துகொண்டு மாட்டை ஊரார் பயிரிலே மேயவிடுவோர் தண்டனைக்குரியவர் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும், பிடிபட்ட மாட்டைத் தேடி ஒருவரும் வராதிருப்பது ஏன் என்று சபைகள் எண்ணிப்பார்த்ததுண்டா? மாட்டின் மீது பற்றில்லாமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. உண்மையோ பலவகைப்பட்டது. தண்டத்துடன் பராமரிப்புச் செலவும் நாளுக்கு நாள் ஏறுகின்றது. ஒரேயொரு பசுவை வைத்துப் பால் விற்றுப் பிழைப்பவர் அத்தொகையைக் கேட்டதும் திரும்பிவிடுகின்றார். மாடு சபை எல்லையைக் கடந்து அயற்சபையின் பட்டியில் அடைபட்டிருந்தால், அது இருக்குமிடமே உரியவருக்குத் தெரிவதில்லை. குறிசுடாத கன்றாயின், தன்னுடையதென்று நிறுவவும் வழியில்லை. உழவு இயந்திரம் வந்தபின் எருதுக்கு வேலையற்றுப் போனமையால், நாம்பன் கன்றுகள் பிறந்த நாளிலிருந்தே வேண்டாப் பொருளாகிவிட்டன. 2009ஆம் ஆண்டுப் போரில் வன்னி மக்கள் மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டு உடுத்த உடையோடு ஓடினார்கள். பட்டி பட்டியாக மாடுகள் உரியவரின்றித் திரிந்த அந்நாளை நாம் மறத்தற்கில்லை. கேட்பாரற்ற மாட்டுக்குப் பின்னால், பெரும்பாலும், கேட்பாரற்ற ஒரு மனிதனும் இருக்கின்றான்.

ஏலத்தினால் நன்மையடைவோர் யாவர்? போதிய முன்னறிவித்தலின்றி ஏலம் நடைபெறின், சபை வாசலுக்கு வரக்கூடியவர்கள் வியாபாரிகள் சிலரே. அவர்கள் தமக்குள் ஒரு விலையைப் பேசிக்கொண்டால் பாற்பசுவும் இறைச்சி விலைக்குப் போய்விடும். ஏலத்திற் பெற்ற பற்றுச்சீட்டு ஒன்று கையிலிருந்தால், அம்மாடு முன்னர் யாருடையது என்று அதன் பின் கேட்பார் யார்? மாட்டுக் களவு மலிந்த நாட்டில் இது கள்வனுக்கும் ஒரு வாசலைத் திறந்துவிடும். பயிரிழந்த கமக்காரன் இந்தக் கணக்கில் எங்கும் காணப்படுவதில்லை. தண்டமும் ஏலப்பணமும் சபையின் நிதியிற் சேர்ந்தால், அவனுக்கு எஞ்சுவது மேய்ந்த வயல் ஒன்றே.

கால்நடை அத்துமீறல் பற்றிய நமது பழைய கட்டளைச் சட்டம் 1876ஆம் ஆண்டுக்குரியது. அந்நியர் ஆட்சியில் இயற்றப்பட்ட அச்சட்டம்கூடப் பயிருக்கு நேர்ந்த சேதத்தையும் அதற்கான ஈட்டையும் மனத்திற் கொண்டிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் நமது சபைகள் அந்த நோக்கத்தை விட்டுவிட்டு, வருமானத்தை மட்டும் பற்றிக்கொள்ளுதல் முறையாகுமா? பிடித்த மாட்டுக்குச் சபை காவலாளியேயன்றி உடைமையாளன் அன்று.

செய்யவேண்டியவை பெருஞ் செலவுக்குரியன அல்ல. மாடு பிடிபட்ட அன்றே அதன் நிறம், கொம்பு, குறி, பிடிபட்ட இடம் ஆகியவற்றைப் பதிவுசெய்து, அயற்சபைகளுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் மிருக வைத்திய அலுவலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவித்தல் வேண்டும். கைத்தொலைபேசிப் படம் ஒன்று நொடிப்பொழுதில் ஊர் முழுதும் பரவும் இக்காலத்தில், உரியவரைக் கண்டறிய முடியவில்லை என்று சொல்வது சாட்டேயாகும். ஒரு பசு வைத்திருக்கும் விதவையையும் நூறு மாடு வைத்திருக்கும் செல்வரையும் ஒரே தட்டில் நிறுத்தாது, முதற் தவறுக்குக் குறைந்த தண்டமும் மீண்டும் மீண்டும் தவறிழைப்போருக்குக் கூடிய தண்டமும் விதித்தல் வேண்டும். ஏழைக்குத் தவணைமுறையும் வேண்டும்.

எவரும் வராத மாடுகளுள் பாற்பசுக்களையும் நாகு கன்றுகளையும் மிருக வைத்தியரின் சான்றுடன், வளர்க்க வசதியுள்ள வறிய குடும்பங்களுக்கு முதலில் வழங்கலாம். எஞ்சியவற்றை வைத்தியர் குறிக்கும் அடிவிலையுடன், நாளும் நேரமும் முன்கூட்டியே ஊரறிய அறிவித்து ஏலமிடலாம். கிடைக்கும் பணத்தில் பராமரிப்புச் செலவையும் பயிரிழந்தவனுக்குரிய ஈட்டையும் கழித்து, மீதியை உரியவர் பெயரிற் குறித்த காலம் வைத்திருத்தல் நீதியாகும். பட்டியில் நிழலும் நீரும் தீனியும் இருத்தல் வேண்டும் என்பதை நாம் எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? 2022 டிசெம்பரில் குளிரும் காற்றும் தாக்கியபோது, வடக்கிலும் கிழக்கிலும் ஒதுங்க இடமின்றி மடிந்த மாடுகளைக் கண்டோம். சபையின் பட்டியில் அத்தகைய சாவு நேரலாகாது.

இவ்வளவும் செய்தாலும் நோயின் வேர் எஞ்சியே நிற்கும். போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மாடுகளை வயலிலிருந்து அகற்றவேண்டிய திகதி தீர்மானிக்கப்படுகின்றது. எங்கே அகற்றுவது என்ற கேள்விக்கு விடையில்லை. அருவிவெட்டு முடிந்த வயலிற் பட்டியடைத்து எருப்பெற்ற கமக்காரனும் மாட்டுக்காரனும் ஒருவருக்கொருவர் வேண்டியவராயிருந்தனர். இன்று மேய்ச்சல் தரையின்மை அவர்களைப் பகைவராக்குகின்றது. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியிற் போராட்டம் தொடங்கியதை நாடறியும். மேய்ச்சல் நிலத்தைப் பறித்துவிட்டு, மாடு வீதிக்கு வந்ததென்று தண்டம் கேட்பது எந்த நீதியைச் சார்ந்தது? மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானியில் அறிவிக்கும்படி ஒவ்வொரு சபையும் தீர்மானம் நிறைவேற்றி அரசை வற்புறுத்தல் வேண்டும்.

2023 மார்ச்சிற் சபைகள் கலைந்தபின் இரண்டாண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றி, அதிகாரிகளே அவற்றை நடத்தினர். 2025 மே மாதத் தேர்தலுடன் அந்நிலை நீங்கியது. தவிசாளரும் உறுப்பினரும் மக்களால் தெரிவுசெய்யப்பட்டவர்களாயிருக்க, அதிகாரியின் மீது பழிபோட்டுத் தப்புதல் இனி இயலாது. வரவுசெலவுத் திட்டத்தில் மாட்டுத் தண்டத்தை வரவுப் பக்கத்தில் எழுதும் சபைகள், பயிரிழந்த கமக்காரனின் ஈட்டைச் செலவுப் பக்கத்தில் எழுத முன்வருமா? அடுத்த காலபோகத்துக்கு முன் விடை வேண்டுகின்றோம்.