அடைப்பதா? அணைப்பதா?



நான் டாலிகஞ்சில் வளர்ந்தவன். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன் என்றால், “காலாபானிக்கா?” என்று கேலி பேசாத நண்பர் இந்த விடுதியில் இல்லை. அந்தமான் என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறை ஒன்றே. அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தனிக் கொட்டடிகள்! இன்று அது காட்சிக்கூடம்.

ஆனால், அந்தக் காலத் தண்டனை கொட்டடியோடு முடிந்துவிடவில்லை. ஆயுள் தண்டனை பெற்றவன் முதல் ஆறு திங்கள் அங்கே கிடப்பான். பிறகு கூட்டுச் சிறை. பிறகு பகலெல்லாம் வெளிவேலை. பத்தாண்டு ஒழுங்காக நடந்தால் சீட்டுப் பெற்று, நிலம் உழுது, மணம் முடித்து ஊருக்குள் குடியிருக்கலாம். அவர்களுடைய வழித்தோன்றல்களே ‘லோக்கல் பார்ன்’ எனப்படும் எங்கள் அண்டை வீட்டார். வெள்ளையன் இதைக் கருணையால் செய்தானா? இல்லை. காடு திருத்த ஆள் வேண்டியிருந்தது. ஆயினும், கொலை செய்தவனைக்கூட நிலமும் குடும்பமும் நிமிர்த்தின அன்றோ?

இதை ஏன் சொல்கிறேன்? சிறுவர்க்கெனத் தனிச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில், 1920-இல், இயற்றியது நம் சென்னை மாகாணம். அதே மண்ணில், 2022 டிசம்பர் இறுதியில், செங்கற்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். திருட்டு வழக்கில் வந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. அவனை அடித்துக் கொன்றதாக ஊழியர் அறுவர் கைதாயினர். இல்லங்களின் நிலையை ஆராய நீதிபதி கே. சந்துருவை அரசு அமர்த்தியது. திருட்டுக்கு இதுவா தண்டனை?

2015-ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டம் இல்லத்தை மட்டும் காட்டவில்லை. கண்டித்து விடலாம், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம், பூங்காவைப் பேணவோ, முதியோர்க்குத் தொண்டு செய்யவோ பணிக்கலாம். சிறப்பு இல்லம் இந்த வரிசையில் கடைசியாகவே வருகிறது.

2012-இன் தில்லிக் கொடுமையை எடுத்துக்காட்டிச் சினப்போர் உண்டு. அந்தச் சினம் நியாயமானது. அத்தகைய கொடுங்குற்றத்துக்கு, பதினாறு வயது நிரம்பியவனைத் தனியே ஆராய இச்சட்டத்திலேயே வழியுண்டு. நான் பேசுவது சைக்கிள் திருடனைப் பற்றி.

எங்கள் தீவுகளில் இது இன்னும் கூர்மையான கேள்வி. காம்ப்பெல் பேயிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்து போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அடைத்தால், அவன் தாய் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்தல்லவா மகனைப் பார்க்க வரவேண்டும்? கப்பல் கிடைக்கும் நாளில்தான் அதுவும்!

சட்டம் வழி திறந்தாலும், அந்தப் பையனை ஏற்று வேலை கொடுக்க ஓர் இடம் வேண்டுமே! நூலகங்கள், மருத்துவமனைகள், சங்கங்கள் முன்வராவிட்டால் நீதிபதி அவனை எங்கே அனுப்புவார்? நம் மன்ற நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட ஆள் இல்லை. ஓராண்டுக்கு இரு சிறுவர்களை நாம் ஏற்கலாம் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.