பாதுகாப்பு என்ற சொல்

சக சிற்றிதழ் ஒன்றில் வந்த கட்டுரை எங்களைத் தூங்கவிடவில்லை. காலனியம் எதைப் பிடுங்கியிருந்தாலும் வணிகச்சின்னத்துக்கும் பதிப்புரிமைக்கும் சட்டப் பாதுகாப்பைத் தந்துவிட்டுப் போனது என்கிறது அது. சான்று, 1908இல் கொரியாவைப் பற்றி அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தம். பின்காலனியச் சிந்தனையைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் பங்குள்ள இதழ் இப்படி எழுதலாமா?

அந்த ஒப்பந்தம் 1908 மே 19 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. அமெரிக்காவுக்காக ராபர்ட் பேக்கன், ஜப்பானுக்காகத் தூதர் தகாஹிரா. கொரியாவுக்காக யாரும் இல்லை. அதே நாளில் சீனாவைப் பற்றியும் ஓர் ஒப்பந்தம். அதிலும் சீனர் கையெழுத்து இல்லை. தங்கள் சரக்கின் முத்திரையை ஜப்பானிய வணிகர்கள் போலியாகப் போட்டு விற்கிறார்கள் என்பது அமெரிக்க வணிகர்களின் நெடுநாள் புகார். அது தீர ஜப்பானியச் சட்டத்தைப் போன்ற சட்டம் கொரியாவிலும் வரும். பதிலுக்கு, இந்த வழக்குகளில் தன் தூதரக நீதிமன்ற அதிகாரத்தை அமெரிக்கா ஜப்பானுக்கு விட்டுக்கொடுக்கும். மண்ணெண்ணெய் டின்னில் ஒட்டிய சீட்டுக்குக் காவல் கிடைத்தது. டின் விற்ற ஊருக்கு?

பாதுகாப்பு என்ற சொல்லை விட்டு எங்களால் நகர முடியவில்லை. 1905இல் கொரியாவின் வெளியுறவைப் பறித்து அதைத் தன் 'பாதுகாப்பு நாடு' ஆக்கியது ஜப்பான். 1907இல் நியாயம் கேட்டு ஹேக் மாநாட்டுக்குப் போன கொரியத் தூதர்களை உள்ளேயே விடவில்லை. அவர்களை அனுப்பிய பேரரசர் அரியணை இழந்தார். நாட்டை விழுங்கவும் முத்திரையைக் காக்கவும் ஒரே சொல்.

1908 என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு. டோக்கியோவில் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய பதினெட்டு வயது சோய் நாம்-சொன், அந்த நவம்பரில் சியோலில் 'சோன்யொன்' இதழைத் தொடங்கினார். 'சிறுவன்' என்று பொருள். கொரிய நவீன கவிதையின் தொடக்கத்தை அதன் முதல் இதழிலிருந்து கணக்கிடுவார்கள். கடல் ஒரு சிறுவனோடு பேசும் அவருடைய கவிதை அதில்தான் வந்தது. பிற்காலத்தில் அவர் ஜப்பான் பக்கம் சாய்ந்தது எங்களுக்கு ஆறாத வருத்தம். ஆனாலும் ஒரு பையன் இதழ் நடத்த இறங்கிய அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

பதிப்புரிமையும் அடங்கிய ஒப்பந்தம் அமலுக்கு வந்து ஓராண்டு ஆகுமுன், 1909 பிப்ரவரியில், கொரியாவில் பதிப்புச் சட்டம் வந்தது. கையெழுத்துப் பிரதியைக் காட்டி அனுமதி வாங்காமல் நூல் அச்சிடக் கூடாது. 1910இல் நாடே போயிற்று. 1911இல் 'சோன்யொன்' நின்றது.

கட்டுரையாளருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: 1908இன் ஒப்பந்தத்தையும் 1909இன் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படியுங்கள்.