நெசவாளர் முதுகும் சங்கத்தின் முதலே

கூட்டுறவுச் சங்கத்தின் முதல் யாது என்று வினவினால், பங்குத் தொகை, காப்பு நிதி, நூல் இருப்பு, துணி இருப்பு என அங்கத்தினர்கள் விரல் மடக்கி எண்ணுவார்கள். ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நாமும் இவற்றையே எண்ணிச் சரிபார்த்து, ஒப்பமிட்டுத் திரும்புகிறோம். ஆயினும் எந்த இருப்புப் பதிவேட்டிலும் ஏறாத முதலொன்று உண்டு. அது தறியில் அமர்ந்திருப்பவரின் முதுகு. தறிக்கும் மேசைக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். முதுகின் தேய்மானத்தை எழுதுவாரில்லை.

இதை நாம் உணர நேர்ந்தது நமது பிழையொன்றினால். சில ஆண்டுகளுக்கு முன், அங்கத்தினர் ஒருவர் பெற்றுச் சென்ற பாவைக் குறித்த காலத்தில் நெய்து தரவில்லை எனக் கண்டு, “அசட்டையாக இருக்கிறார்” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினோம். பின்னர் அவர் இல்லத்துக்குச் சென்றபோது, அவர் குழித்தறியிலிருந்து எழுவதற்கு முன்னிருந்த மரத்தை இரு கைகளாலும் பற்றித் தம்மைத் தூக்கிக்கொண்டதைக் கண்ணால் கண்டோம். ஏன் சங்கத்தில் சொல்லவில்லை என்று கேட்டோம். “சொன்னால் அடுத்த பாவு கொடுக்கமாட்டார்களோ என்று பயந்துவிட்டேன் ஐயா” என்றார். அக்குறிப்பை எழுதியமைக்காக அன்று நாம் வெட்கினோம்.

குழித்தறியில் அமர்பவர் முன்புறம் வளைந்தே இருக்கிறார். கால்கள் மிதியை மாறி மாறி அழுத்துகின்றன. ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கிறது. கண்கள் பாவின்மேல் பதிந்திருக்கின்றன. நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் வயலில் குனிந்த நிலையிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். இத்துன்பம் நம் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடிக்கும் அதிகமானோர் இடுப்பு வலியால் வருந்தினர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு வலிக்குக் காரணமாகக் குறிப்பிட்ட நோய் எதையும் சுட்ட இயலாது என்பதும், நெடுநாள் படுக்கையில் கிடப்பதைவிட உடலை அளவோடு அசைப்பதே நலம் என்பதும் மருத்துவர் ஒப்பிய முடிவுகள்.

இங்கேதான் யோகாப்பியாசம் பயன்படுகிறது. ஜூன் 21-ஆம் நாள் 2015 முதல் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஒரு நாள் விரிப்பில் அமர்ந்துவிட்டு எஞ்சிய நாட்களில் மறந்துவிடுவதால் எந்த முதுகும் தேறாது. அதேபோல், யோகம் எல்லாப் பிணியையும் போக்கும் என்று முழங்குவோர் பேச்சையும் நாம் ஏற்பதற்கில்லை. காக்ரேன் என்னும் ஆய்வு அமைப்பு 21 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவு அடக்கமானது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ளோருள் யோகம் பயின்றவர்கள், பயிற்சி ஏதும் செய்யாதவர்களைவிடச் சிறிதளவு நலமடைந்தனர். முதுகுக்கான பிற பயிற்சிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிதாக இல்லை. சிலருக்கு வலி கூடியதும் உண்டு. பலன் சிறிதேயாயினும், செலவில்லாதது; ஒரு பாயும் அதை விரிக்க இடமும் இருந்தால் போதும். நம் அங்கத்தினர்க்கு அது பொருந்துவது அதனாலேயே.

தறியில் இறங்குமுன், வெறும் வயிற்றில், கால்மணி நேரம் போதுமானது. முதலில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றிச் சில முறை மெல்ல மூச்சுவிடுக. அடுத்து, ஒரு முழங்காலைக் கைகளால் பற்றி மார்பருகே கொணர்ந்து விடுக. மறு காலுக்கும் அவ்வாறே. பின்னர், பாதங்களை ஊன்றியவாறே இடுப்பை மெதுவாக உயர்த்தித் தாழ்த்துக, இது சேதுபந்தாசனம். அதன்பின் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் அசைக்க. அடுத்துக் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பைச் சிறிதே உயர்த்துக. இது புஜங்காசனத்தின் எளிய வடிவம். நாள் முழுதும் முன்வளையும் முதுகுக்கு இது எதிர்த்திசை அசைவாகும். ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை செய்து, சவாசனத்தில் முடிக்கலாம். மூச்சை அடக்குதல் வேண்டா. வலி மிகுமாயின் அந்த ஆசனத்தை விட்டுவிடுக. கால்களை நீட்டிக் குனிந்து பாதம் தொடுவதையும், ஹலாசனம், சிரசாசனம் முதலியவற்றையும் வலியுள்ளோர் தாமாக முயலலாகாது.

கருவுற்ற பெண்களும், எலும்பு மெலிந்த முதியோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், சிறுநீர், மலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு கூடிய வலி, காரணமின்றி உடல் மெலிதல், விழுந்து அடிபட்டபின் வலி ஆகியவற்றுள் எது தோன்றினும் ஆசனத்தை நாடாது உடனே மருத்துவமனைக்குச் செல்க. இடுப்புப் பட்டைக்குப் பணம் செலவிடுவோர் ஒன்றறிக: 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகப் பட்டை அணிவதைப் பரிந்துரைக்கவில்லை, உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால், எல்லாப் பாரத்தையும் நெசவாளர் தலையில் ஏற்றியவராவோம். பத்து மணி நேரம் முதுகை வளைக்கும் இருக்கையை அப்படியே விட்டுவிட்டு, கால்மணி நேர ஆசனத்தால் நிமிர்ந்துவிடு என்பது நியாயமன்று. ஆசனம் அங்கத்தினர் கடமையாயின், ஆசனப் பலகை சங்கத்தின் கடமையாகும். பலகையின் உயரமும் குழியின் ஆழமும் நெய்பவரின் அளவுக்குப் பொருந்த வேண்டும். தந்தைக்கு வெட்டிய குழியில் மகளும் மருமகளும் நெய்கிறார்கள். 2019-20-இல் நடந்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் கண்ட சுமார் 35 லட்சம் தொழிலாளருள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். தறியை விட்டெழுந்ததும் தண்ணீர்க் குடம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. அக்குடத்தை வீட்டிலுள்ள ஆடவர் ஏந்துவதும் முதுகு வலிக்கு ஒரு மருந்தே.

நிர்வாகக் குழுவினரை நாம் வேண்டுவன மூன்று. வாரத்தில் ஒரு நாள், துணி ஒப்படைக்க வரும் வேளையில், அரை மணி நேரம் சங்கக் கட்டிடத்தில் முறையாகப் பயின்ற ஆசிரியரைக் கொண்டு பயிற்சி நடத்துக. பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குக. இருக்கைப் பலகையைத் திருத்த, துணை விதிகள் இடந்தருமாயின், பொது நல நிதியிலிருந்து சிறு தொகை வழங்குக. மூன்றாவதே தலையாயது: உடல்நலக் குறைவால் பாவு தாமதித்தால், அதைச் சொன்னவருக்கு அடுத்த பாவு மறுக்கப்படாது என்று தீர்மானம் நிறைவேற்றி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுக.

நம் பங்குக்கு, தாமதமாக வந்த பாவைக் கண்டால் காரணம் கேட்டறிந்த பின்னரே இனிக் குறிப்பெழுதுவோம். அங்கத்தினர்கள் அஞ்சாமல் சொல்வார்களாக. வலியை மறைத்து நெய்யும் முழத்தால் சங்கத்துக்கு எந்த லாபமும் இல்லை.