வெள்ளைக்காரன் வெச்ச தோட்டமாம்!

டெல்லி டிசம்பர் குளிரைப் பத்தி அத்தனை தடவை போன்ல சொல்லியும், மெல்லிசா ஒரு ஸ்வெட்டரோட வந்து இறங்கினார் சென்னை சித்தப்பா. மங்கி குல்லா ஒண்ணு வாங்கி மாட்டிவிட்டு, மதியம் வெயில் வந்ததும் லோதி தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். புல்வெளி முழுக்க குடும்பம் குடும்பமா வெயில் காயறாங்க. எங்கே திரும்பினாலும் ஆரஞ்சுத் தோல், வேர்க்கடலைத் தோல்.

வாசல் கல்லுல 'லேடி வெலிங்டன் பார்க், 1936'னு பொறிச்சிருக்கு. அதைப் பார்த்ததும் ஆரம்பிச்சுட்டார். "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்டா. எப்படிப் பண்ணி வெச்சிருக்கான் பாரு!"

இந்த டயலாக்கைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு சாமி. ஊர்ல இருந்து வர்ற விருந்தாளிங்க பாதிப் பேர் இதையேதான் சொல்றாங்க.

அப்படி என்னத்தைப் பண்ணினான்? முகமது ஷா கல்லறை 1444-ல கட்டினது. சிக்கந்தர் லோதி கல்லறை 1517. சீஷ் கும்பத்துல மிச்சமிருக்கிற நீல ஓடுகளும் லோதி காலத்து வேலை. தோட்டத்தை இப்ப இருக்கிற மாதிரி திருத்தி அமைச்சதுகூட சுதந்திரத்துக்கு அப்புறம், 1968-ல.

அவன் பண்ணினது வேற. இந்தக் கல்லறைகளைச் சுத்தி கைர்பூர்னு ஒரு கிராமம் இருந்தது. அந்த ஜனங்களைக் கிளப்பி வேற இடத்துக்கு அனுப்பிட்டுத்தான் புல்லு வளர்த்தாங்க. வைஸ்ராய் சம்சாரம் பேரையும் வெச்சாங்க. அந்த வெலிங்டன் பிரபு வேற யாருமில்லை, 1919-ல இருந்து 1924 வரை நம்ம மதராஸ் கவர்னரா இருந்தவர்தான்.

சரி, நாம என்ன கிழிச்சோம்? 1947-ல பேரை மாத்தினோம். வைஸ்ராய் சம்சாரம் பேரை எடுத்துட்டு சுல்தான் பேரை வெச்சோம். ஊரைக் காலி பண்ணிட்டுப் போனவங்க பேருக்கு அப்பவும் இடமில்லை.

எல்லாத்தையும் கேட்டுட்டு சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ஆரஞ்சை உரிச்சுக்கிட்டே, "கூவம் கரையில இருந்தவங்களைக் கண்ணகி நகருக்கு அனுப்பின மாதிரின்னு சொல்லு" என்றார்.

அதேதான் சித்தப்பா!

தோட்டம் வேண்டாம்னு நான் சொல்லலை. அந்த வெயில்ல நானும்தான் நீட்டிப் படுத்துக் கிடந்தேன். ஆனா 'நகரத்தை அழகுபடுத்தறோம்'னு யார் சொன்னாலும், அங்கே குடியிருந்தவங்க எங்கே போனாங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க மக்களே. அடுத்த தடவை விருந்தாளியைக் கூட்டிட்டுப் போறப்ப, கல்லறைக் கணக்கோட கைர்பூர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க. காசா பணமா? :-)