இந்தக் கேள்வியையும் டாக்டரிடம் கேளுங்கள்

சர்க்கரைக்காரர்களான நமக்கு வருடா வருடம் கண் பரிசோதனை, கால் பரிசோதனை, சிறுநீரில் புரதம் எல்லாம் பார்க்கிறார்கள். ஒன்றை மட்டும் டாக்டரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. விறைப்புக் குறைபாட்டைத்தான் சொல்கிறேன்.

காலை மரத்துப்போக வைக்கும் அதே சர்க்கரைதான் அங்கேயும் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்கிறது. இதில் ஒழுக்கமும் இல்லை, பாவமும் இல்லை. ஆனாலும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம். லாட்ஜில் ரூம் போட்டு, "இன்ன தேதியில் இன்ன ஊரில்" என்று விளம்பரம் கொடுக்கும் வைத்தியர்கள் பிழைப்பதே இந்த மௌனத்தால்தான். 1954ஆம் வருடச் சட்டம் இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்கிறது. யார் பார்க்கிறார்கள்? என்னோடு வாக்கிங் வரும் நண்பர் ஒருவர் லேகியத்துக்கே பதினோராயிரம் கொடுத்துவிட்டு வந்தார்.

மாத்திரை இருக்கிறதே என்பீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நம் வயதில் அப்படிப் பலர் இருக்கிறோம்.

அவர்களுக்கு மருந்தில்லாத வழி ஒன்று உண்டு: வாக்குவம் பம்ப். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டயர் தொழில் செய்த கெடிங்ஸ் ஆஸ்பன் என்பவர், 1960களில் தனக்காகவே செய்துகொண்டது. 1982இல் அந்நாட்டு அரசு அதை விற்க அனுமதித்தது. பிளாஸ்டிக் குழாயை உறுப்பின் மேல் பொருத்திக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் வந்து நிரம்பும். அது வடியாமல் அடியில் ஒரு ரப்பர் வளையம். வளையத்தை முப்பது நிமிடத்துக்குள் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். உறுப்பு சற்றுக் குளிர்ந்திருக்கும், நீலம் பூக்கும். பழகச் சில நாள் ஆகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. அழுத்தம் அளவு மீறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக, மனைவியிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டுமா வேண்டாமா என்பது கணவன் மனைவி இருவரும் முடிவு செய்வது. ஆனால் டாக்டரிடம் சொல்வதை ஒருவரும் தவிர்க்கக் கூடாது. இந்தக் குறைபாடு சில வருடங்கள் கழித்து வரப்போகும் இதய நோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அடுத்த முறை சுகர் ரிப்போர்ட்டோடு போகும்போது இதையும் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், அவருக்குப் புரியும்.