மேலேயிருந்து பார்த்தால் வெறும் பச்சை

ஜி.ஐ.எஸ். வரைபடம் என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்கிற வாய் மூடிக்கொள்ள வேண்டுமாம். சேட்டிலைட் பொய் சொல்லாதாம். சரி, ஓடை, யானைத்தடம், மர அடர்த்தி என்று கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்களே, எந்த அடுக்கு வேணும், எது வேணாம் என்று முடிவு பண்ணுவது சேட்டிலைட்டா? வனத்துறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆள்தானே?

ஓசூர்ப் பக்கம் காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் வந்தது. தெற்கு 2022இல், 686 சதுர கிலோமீட்டர். பன்னேர்கட்டாவிலிருந்து வருகிற யானைக்கு வழி வேணும். வேண்டாமென்று எவன் சொன்னான்? ஆனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் இருளர் தேனெடுத்த பாறை, கிழங்கு தோண்டிய சரிவு, பிணம் புதைத்த இடம் எல்லாம் மரத்தடியில் கிடக்கிறது. எம்.ஏ.வில் நான் படித்த திணை இலக்கணத்தில் மரம், விலங்கோடு உணவும் தொழிலும் சேர்ந்தே வரும். வானத்துப் படத்தில் வெறும் பச்சை.

2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளை 2012இல் திருத்தியபோதே எழுதிவிட்டார்கள்: சேட்டிலைட் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணைதான், மாற்று அல்ல. ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதியதும் ஆதாரம். ஆனாலும் 2019 பிப்ரவரி 13இல், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொன்ன உச்சநீதிமன்றம், ஆக்கிரமிப்பைச் சேட்டிலைட்டில் பார்த்துச் சொல்லென்று இந்திய வன ஆய்வு நிறுவனத்திடம்தான் கேட்டது. வெளியேற்றம் பதினைந்தே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பார்வை?

வரைபடத்தை ஒருங்கிணைக்கிற அதிகாரி ஜி.பி.எஸ். கருவியோடு கிராமசபைக்கு வரட்டும். இருளர் கிழவிகள் முன்னால் நடக்கட்டும், அவர் பின்னால் வந்து புள்ளி வைக்கட்டும். அந்த அடுக்கு ஏறாத வரைபடத்தை நான் ஆதாரமென்று ஏற்கமாட்டேன்.